மோட்டார் மேல் குற்றம்

கண்ணைக் கட்டியாயிற்று. கதவைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. "நான் கேக்குற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது, இன்னா நடந்தாலும் சரி" என்று தணிகாசலம் மனைவி திலகவதியை மிரட்டினார்.

கட்டியிருந்தது அவருடைய கண்ணைத்தான். கட்டிக்கொண்டதும் அவரேதான், ஒரு தேங்காய்ப்பூத் துண்டால். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், ஐம்பத்து மூன்று வயதில், புதுவாயலில் வேறு எந்தக் கிறுக்கனும் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டான் என்பது அவருக்கே தெரியும்.

எதிரே மேசையில் இசைத்தட்டு சுழற்றும் டர்ன்டேபிள்கள் இரண்டு. ஒன்றில் மோட்டார் தள்ளி நின்று ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுழற்றும். இன்னொன்று டைரக்ட் டிரைவ், மோட்டார் தட்டுக்கு நேர் கீழேயே இருக்கும். இரண்டும் அயல்நாட்டுச் சரக்கு. மெத்தை வைத்த பெட்டிக்குள் வந்து இறங்கியவை.

முதலில் பெல்ட்காரனைத்தான் வாங்கினார். பின்னணியில் 'உம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டது. மோட்டார் மேல் பழியைப் போட்டு டைரக்ட் டிரைவை வாங்கினார். அதிலும் 'உம்' கேட்டது.

அடுத்து கரண்ட் மேல் பழி விழுந்தது. இன்வெர்ட்டர் மின்சாரத்தின் அலை கோணல் என்று இந்த அறைக்கு மட்டும் அந்த இணைப்பைப் பிடுங்கிவிட்டார். வீட்டுக் கரண்டைச் சலித்துச் சுத்தமாக்கி மோட்டாருக்குக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டி ஒன்றையும் வரவழைத்து பெல்ட்காரனுக்குப் பூட்டினார். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் இருபத்தாறு வருடமாக ஃபோர்மேன். அங்கே இரைச்சலுக்குக் காதில் வைத்துக்கொள்ளக் கொடுக்கிற ஸ்பாஞ்சு இயர் பிளக்குகளையும் வீணாக்காமல் வீட்டுக்கு எடுத்துவந்து, அதிர்வு தாங்கட்டும் என்று டர்ன்டேபிள் கால்களுக்கு அடியில் வைத்திருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். 'உம்' போகவில்லை.

இதில் பெரிய கூத்து, இதையெல்லாம் அவர் பாட்டுக் கேட்கத்தான் வாங்கினார். பாட்டைப் போட்டால் 'உம்' அதற்குள் ஒளிந்துகொள்கிறது என்று, எட்டு மாதமாக வெறும் 'உம்' கேட்டுக்கொண்டிருக்கிறார். வேறு யாருக்கும் அது கேட்டதில்லை. அப்பேர்ப்பட்டவர்களை நினைத்து அவர் உண்மையாகவே பரிதாபப்பட்டார்.

திலகவதிக்கு இந்த அறை வேண்டும். அவளுடைய தையல் மெஷின் இரண்டு வருடமாக நடைவழியில் கிடக்கிறது, போகிற வருகிறவர்கள் எல்லாம் இடித்துக்கொள்கிறார்கள். நேற்றுதான் பேச்சு முற்றிப் பந்தயமாயிற்று. கண்ணைக் கட்டிக்கொண்டு எது எந்த மோட்டார் என்று சரியாகச் சொல்லிவிட்டால் அறை அவருக்கு. தவறினால் இரண்டும் பரணுக்குப் போகும், மெஷின் உள்ளே வரும். சிறுவாபுரி முருகன் மேல் சத்தியம் பண்ணியிருந்தார்.

பாட்டு கிடையாது. தட்டு வெறுமனே சுழலும், ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் இருக்கும். திலகவதி தன் இஷ்டப்படி இரண்டில் ஒன்றின் குமிழைத் திருப்பிவிட்டு மேசையை ஒரு தட்டு தட்டவேண்டும். மிச்சத்தை அவர் காது பார்த்துக்கொள்ளும்.

"ஏங்க..." என்றாள் திலகவதி.

"உஷ். பேசாதன்னு இப்பதான சொன்னேன்."

பெருமூச்சு விட்டாள். சற்றுப் பொறுத்து மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. தணிகாசலம் காதைத் தீட்டிக்கொண்டார். வந்துவிட்டது, கனமான 'உம்'. பழைய விரோதியைச் சந்தையில் பார்த்தது போல அவருக்கு ஒரு சந்தோஷம்.

"இது டைரக்ட் டிரைவு. மோட்டாரு அடியிலயே குந்திக்கினு கீது பாரு, அதான் சத்தம் தடிமனா வருது."

அவள் மறுபடி ஏதோ சொல்ல வந்தாள். இவர் போக்குவரத்துப் போலீஸ் போலக் கையை நீட்டி நிறுத்தினார். தோற்கப்போகிறவர்கள் நடுவில் பேச்சுக் கொடுத்துக் குழப்புவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

மேசையில் இரண்டாவது தட்டல். இந்த முறை 'உம்' மெலிந்திருந்தது. ஓரங்கள் மழுங்கி, நாகரிகமாக, இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. காது என்றால் இதுவல்லவா காது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

"இது பெல்ட்டு. புதுப் பெட்டி போட்டது. நல்லாக் கொறஞ்சிக்கீது, ஆனா முழுசாப் போவல."

பாவம், திலகவதி தையல் மெஷினை நினைத்துக்கொண்டிருப்பாள் என்று அவருக்கு மனது இளகியது. ஜன்னலோரம் கொஞ்சம் இடம் ஒதுக்கித் தந்துவிடலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டார். ஜெயித்தவன் அந்தப் பெருந்தன்மையைக் காட்டாவிட்டால் எப்படி?

"சரி, இப்ப வாயத் தொற. கரெக்டா சொன்னனா?"

அவள் கிட்டே வந்து அவர் தோளில் கையை வைத்தாள். முடிச்சை மெல்ல அவிழ்த்துத் துண்டை எடுத்தாள். அந்த மெல்லிய 'உம்' மட்டும் அவருக்கு நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெயித்தவர் முகத்தோடு அவர் நிமிர்ந்து பார்த்தார். திலகவதி சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"நீங்க கண்ணக் கட்டுன ஒடனே கரண்டு பூடுச்சுங்க."