மாசானத்தின் சைகோன் பாஷை

"அவ என்ன சொல்லுதா, அண்ணாச்சி? வெரசாச் சொல்லும்" என்றான் சுடலைமுத்து.

மாசானம் கையை உயர்த்தி அவனை அடக்கினார். "பொறும்வே. அந்தப் பாஷையில பாதி மூக்கு வழியா வரும். முழுசும் வந்து சேரட்டும்."

தாராவிக்குப் பின்னால், உப்பங்கழிக் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து லான் பேசிக்கொண்டிருந்தாள். கறுப்புச் சாயம் ஏற்றிய பல், வாய் நிறைய வெற்றிலை. சைகோனில் செட்டியார் கடைக்குக் காவல் இருந்த சிவனாண்டி, அங்கேயே அவளைக் கட்டிப் பல வருஷம் குடித்தனம் நடத்தி, யுத்தம் முடிந்த கையோடு பம்பாய்க்கு அழைத்து வந்தான். கப்பலை விட்டு இறங்கிய வாரமே துறைமுகத்தில் காய்ச்சலில் போய்விட்டான்; தாராவிக்கு அவள் தனியாகத்தான் வந்து சேர்ந்தாள். அவளைத் திரும்பவும் சைகோனுக்கே கப்பலேற்றி விடலாமா என்று கேட்கத்தான் அவன் அண்ணன் சுடலைமுத்து வந்திருந்தான்.

கேட்பதற்கு மாசானத்தை விட்டால் ஆள் ஏது? இப்போது தோல் கிடங்கில் உப்புத் தடவினாலும், வாலிபத்தில் சைகோனில் இருந்தவர் அல்லவா! அங்கே ஆற்றில் படகுகள் அத்தனை நெருக்கம்; இக்கரையில் கிளம்பிய ஆடு கால் நனையாமல் அக்கரையில் போய் மேயும். பிள்ளைகள் தண்ணீரில் விழாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டிப் படகோடு முடிந்திருப்பார்கள். சாயங்காலமானால் ஊரே வெற்றிலை போட்டுத் துப்பும். ஒரு மைலுக்கு ஆறு சிவப்பாக ஓடும். மீனைப் பிடித்தால் அதற்கும் உதடு சிவந்திருக்கும்.

இதில் பாதி, தூத்துக்குடியில் மூட்டை தூக்கியபோது கப்பல்காரர்கள் சொல்லக் கேட்டது. மீதி சொந்தச் சரக்கு. மாசானம் கப்பலேறியதே இல்லை, அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது. இந்த ரகசியத்தை அவர் பெண்சாதியிடம்கூடச் சொன்னதில்லை, பெண்சாதி கிடையாது. சைகோன் கதையும் இல்லையென்றால், அவர் பக்கத்தில் வந்து உட்கார ஆளும் கிடையாது.

லான் வந்த அன்றே தன் கதை முடிந்தது என்றுதான் நினைத்தார். குழாயடியில் முருகம்மாள், "ஆத்தாடி, இவ பல்லு வெளக்குதது தாருலயா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்த நாள் அது. லான் யாரிடமும் பேசவில்லை. மாசானத்தை இழுத்துவந்து அவள் எதிரே உட்கார வைத்தார்கள்.

அவர் மூக்கால் இரண்டு மூன்று ஓசை எழுப்பினார். லான் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெற்றிலையைப் பறவைச் சிறகுபோல மடித்து, பாக்கு வைத்து நீட்டினாள். வெற்றிலை அடைத்த வாயால் "ம்" கொட்டத்தான் முடியும். மாசானம் பிழைத்தார்.

அன்றிலிருந்து சாயங்காலங்களில் இருவரும் கழிக்கரையில்தான். கோலி மீனவர்களின் படகுகள் திரும்பி வருவதைப் பார்த்தபடி அவள் பேசுவாள், அவர் மெல்லுவார். "சுண்ணாம்பு நாக்கைப் பொசுக்குது" என்று ஒருநாள் தனக்குள் முனகினார். மறுநாளிலிருந்து வெற்றிலை பதமாக இருந்தது. நாக்கு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு என்ன சொன்னா?" என்று வழியில் முருகம்மாள் மறிப்பாள்.

"அவ மாமன் வளத்த வாத்து ஒண்ணு தானே சந்தைக்குப் போயி, தன்னை வித்துட்டுத் துட்டோட வீட்டுக்கு வந்துச்சாம்" என்பார். முருகம்மாள் அதை நாலு வீட்டுக்குக் கொண்டுபோவாள்.

இப்போது லான் பேசி முடித்தாள். கடைசியில் தண்ணீரைக் கைகாட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊர் ஆற்றை நினைத்து அழுகிறாள் என்று குழந்தைக்கும் புரியும். மாசானத்துக்கும் புரிந்தது. இனி இந்தக் கரையில் தான் மட்டும் உட்கார்ந்திருக்கப்போவதும் புரிந்தது.

"போகமாட்டாளாம்" என்றார். "புருசன் சாம்பலைக் கரைச்ச தண்ணி இதுதானாம். இங்கனயே இருந்துக்கிடுதாளாம்."

"நெசமாவா?"

"பின்னே, நானா சொல்லுதேன்?"

சுடலைமுத்து தலையைச் சொறிந்தான். "சரி, அவ இஷ்டம். குடிசை அவளுக்கே இருக்கட்டும்" என்று கிளம்பிப் போனான்.

கரையில் இருவர் மட்டும். லான் மடித்துக் கொடுத்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார் மாசானம். அவளுக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியத்தில், தண்ணீரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்.

"தாயி, நான் பெரும் பாவி. உன் பாஷை எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நீ போயிட்டா எனக்குன்னு யாரு இருக்கான்னு, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். காலையில சுடலைமுத்துகிட்டப் போயி உண்மையை ஒப்பிச்சிருதேன். நீ கப்பலேறிப் போ."

லான் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, தலைப்பால் உதட்டைத் துடைத்தாள்.

"போகமாட்டேன்னு நானும் அதைத்தானே சொன்னேன், அண்ணாச்சி."