குழாய்க் கஞ்சிக்கு உப்பு

எல்லோரும் சௌக்கியம்தானே கண்ணுகளா? படுத்திருப்பவரைத் தூக்கித் தூக்கி வந்த முதுகுவலி தேவலையா? நான் எதிர்வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். காலை வெயில் கட்டில்கால் வரை வந்துவிட்டது. பக்கவாதம் வந்ததிலிருந்து இந்த வீட்டுக்காரருக்கு விழுங்க முடியாது. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. சில நாளாகப் பெண்டாட்டியைக்கூட அடையாளம் தெரியாமல் தூங்கி வழிகிறார். ரத்தப் பரிசோதனை முடிவோடு நர்ஸ் வந்திருக்கிறாள்.

"ரத்தத்துல சோடியம் குறைஞ்சிருக்குக்கா, அதான் இந்தத் தூக்கம். கஞ்சியில உப்பு போடுறீங்களா இல்லையா?"

"நாக்குலயே படாததுக்கு உப்பு எதுக்குன்னு விட்டுட்டேன்மா."

"நல்லா விட்டீங்க போங்க! நாக்கு கேக்கலைன்னா உடம்பும் கேக்காதா? இனிமே டாக்டர் சொன்ன அளவு போடுங்க. மெதுவாத் தெளிஞ்சிடுவாரு."

நர்ஸ் கரண்டியில் அளவு காட்டுகிறாள். மனைவி உப்பைக் கரைக்கிறாள், கஞ்சியை வடிகட்டுகிறாள், ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறாள். பிறகு அவர் காதருகே குனிகிறாள்.

"உப்பு சரியாத்தாங்க இருக்கு. குறைன்னா எழுந்து திட்டுங்க."

அவர் கண் திறக்கவில்லை. குழாயில் மாட்டிய சிரிஞ்சில் கஞ்சியை ஊற்றி உயர்த்திப் பிடித்தபடி அவள் அந்த முகத்தையே பார்த்து நிற்கிறாள். கஞ்சி மெல்ல இறங்குகிறது.

உங்கள் வீட்டில் குழாயில் சாப்பிடுகிறவருக்காக யார் ருசி பார்க்கிறீர்கள்? எனக்கு எழுதுங்கள்.