மாட்டுங்கா ரோட்டில் இறங்குகிறவள்

சுஷ்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எதிர் சீட்டின் ஓரத்தில், காலடியில் சாக்குமூட்டையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மும்பை லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பா முழுக்க அந்த வாடைதான்.

"தோல் பை ஒட்டுற சொலுஷன். எத்தனை தடவை துவைச்சாலும் துணியை விட்டுப் போகாது. தாராவி ஆளுங்களே இப்படித்தான்" என்று இந்தியில் சொல்லி முகத்தைச் சுளித்தாள். பாந்த்ராவில் வீடு. சுஷ்மாவின் வாயில் இந்தியும் இங்கிலீஷும் தவிர வேறு எதையும் ஆபீசில் யாரும் கேட்டதில்லை.

பக்கத்தில் இருந்த மகேஸ்வரி சிரித்தாள். "எங்க மாட்டுங்கா பக்கம் இதெல்லாம் கிடையாது" என்று அவளும் இந்தியிலேயே சொல்லிவைத்தாள். சொல்லிக்கொண்டே எதிரே பார்த்தவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. மூட்டைக்காரி பொன்செல்வி.

ஒன்பதாம் வகுப்பு வரை இருவருக்கும் ஒரே பெஞ்சு. பொன்செல்வி படிப்பை விட்டாள். மகேஸ்வரியாவது பன்னிரண்டாவது தேறட்டும் என்று, விடியற்காலைக் குழாயடியில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவளே தண்ணீர் பிடித்துச் சுமந்தாள். கல்யாணமாகித் தாராவியின் மறுகோடிக்குப் போனபின் ஏழெட்டு வருஷமாகப் பார்க்கவே இல்லை.

இப்போது 'ஏட்டி மகேசு' என்று அவள் ஒருமுறை கூப்பிட்டால் போதும், மகேஸ்வரியின் மானம் கப்பலேறிவிடும். மாட்டுங்காக்காரி என்று ஆபீசில் மூன்று வருஷமாகச் சொல்லிவந்தது பச்சைப் பொய். அந்தப் பொய்க்காகவே தினமும் தாராவிக்காரர்கள் இறங்கும் மாஹிமுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் மாட்டுங்கா ரோட்டில் இறங்கி, தாராவி வீட்டுக்கு வியர்க்க விறுவிறுக்க நடந்து போகிறாள்.

பொன்செல்வி நிமிர்ந்தாள். மகேஸ்வரியைப் பார்த்தாள், பக்கத்திலிருந்த சுஷ்மாவைப் பார்த்தாள். அவள் முகம் மலரப் போன நேரத்தில் மகேஸ்வரி சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்தாள். யாரும் கூப்பிடவில்லை.

பொன்செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூட்டையைக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

அதைப் பார்த்ததும் மகேஸ்வரிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. சீ, நானும் ஒரு மனுஷியா என்று தோன்றியது. தோன்றி என்ன பிரயோஜனம், போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பேசாத போனுக்கு நாலைந்து தடவை 'ம்' வேறு கொட்டினாள்.

மாட்டுங்கா ரோடு வந்தது. சுஷ்மாவுக்கு டாட்டா காட்டிவிட்டு இறங்கினாள். நாலு எட்டு வைத்தவளுக்கு அதற்குமேல் கால் போகவில்லை. இன்றைக்குப் பேசாவிட்டால் ஆயுசுக்கும் பொன்செல்வியின் முகத்தில் விழிக்க முடியாது.

வண்டி கிளம்புவதற்குள் ஓடிப்போய் அடுத்த பெட்டியில் தொற்றிக்கொண்டாள். பொன்செல்வி மாஹிமில் இறங்குவாள், சுஷ்மா பாந்த்ராவுக்குப் போய்விடுவாள். பார்க்க ஆள் இருக்காது என்று தெரிந்தபிறகு வந்த துணிச்சல்தான் இது. இதில் மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை, அது அவளுக்கே தெரிந்தது.

மாஹிமில் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் பொன்செல்வியின் முதுகு தெரிந்தது. காலைப் பிடித்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நெருங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மூட்டையின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுஷ்மா நின்றிருந்தாள். கைக்குட்டையைக் காணோம். பின்னால் நிற்பவளை இருவருமே கவனிக்கவில்லை.

அசல் திருநெல்வேலித் தமிழில் சுஷ்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க மதினி, கூட இருந்தவ மாட்டுங்காக்காரி. அவ முன்னால உங்கள எங்க அண்ணன் பொண்டாட்டின்னு எப்படிச் சொல்லுவேன்?"