சின்ன சர்வர்

சன்னல் கம்பிகளின் நிழல் சாப்பாட்டு மேசைமேல் கோடு கோடாக விழுந்து கிடக்கிறது. மூன்று மடிக்கணினிகளுக்கு முன்னால் அக்கா, தங்கை, தங்கையின் கணவன். மூவரும் சேர்ந்து எழுதும் மென்பொருளை வைக்க வாடகைக்கு சர்வர் பார்க்கிறாள் அக்கா. பெரியது கட்டுப்படியாகாது. “மூணு பேருக்கு இந்தச் சின்னது தாங்காதுங்க மேடம்,” என்கிறது ஃபோனில் விற்பனைக்காரரின் குரல். “கொஞ்சம் இருங்க,” என்று அவள் கையை உயர்த்தி இறக்க, மூவரும் ஒரே நேரத்தில் தங்கள் வேலையைச் சோதனைக்குக் கிடைத்த சின்ன சர்வருக்கு அனுப்புகிறார்கள். திரையில் அதன் பளுவைக் காட்டும் பச்சைக் கோடு விறுவிறுவென்று ஏறுகிறது. தங்கை நகத்தைக் கடிக்கிறாள். கோடு பாதியில் நின்று, அலட்டிக்கொள்ளாமல் இறங்குகிறது. அக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொள்கிறாள். “சின்னதே போதுங்க. எங்க புரோகிராம்ல வேண்டாததையெல்லாம் உக்காந்து கழிச்சுக் கட்டிட்டோம்.” தங்கை நகத்தை விட்டுவிட்டுச் சந்தோஷத்தில் புருஷனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுகிறாள்.