புரியல்ல மிஸ்

"புரியல்ல மிஸ்."

மூன்றாவது பெஞ்சில் பிரிஜா மறுபடியும் எழுந்து நின்றாள்.

ஓர்லாவுக்கு எரிச்சலாக வந்தது.

அயர்லாந்திலிருந்து இரணியலுக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. பகலில் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது, சாயங்காலம் தமிழ் படிப்பது. ஒரு வருஷத்துக்கு இதுதான் ஏற்பாடு. சாளை மீன் குழம்பின் காரம் அவளுக்குப் பழகிவிட்டது. ஜூன் மாத மழையில் குடையை மடக்கிக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஏறவும் பழகிவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அவள் பேசும்போது கண் கொட்டாமல் பார்த்தார்கள். நன்றாகத்தான் நடத்துகிறோம் என்று அவளுக்கே ஒரு தைரியம் வந்திருந்தது.

இந்த ஒருத்திதான் தொல்லை. எதைச் சொல்லிக்கொடுத்தாலும் எழுந்துவிடுவாள். ஓர்லா நிறுத்தி, முதலிலிருந்து மெதுவாகச் சொல்லவேண்டும். போர்டில் எழுதிப் போடவேண்டும். அப்புறம்தான் உட்காருவாள்.

ஒருத்திக்காக வகுப்பையே நிறுத்திவைக்க முடியுமா? இனிமேல் ஆங்கிலப் பீரியடுக்கு ஏழாம் வகுப்பில் போய் உட்காரும்படி ஓர்லா சொல்லிவிட்டாள்.

பிரிஜாவின் முகம் சிவந்தது. பையை எடுத்துக்கொண்டு போனாள். பின்பெஞ்சுப் பிள்ளைகள் ஏனோ தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அதற்கப்புறம் வகுப்பு தடையில்லாமல் ஓடியது. புரிந்ததா என்று கேட்டால் "யெஸ் மிஸ்" என்று ஒரே குரல். மளமளவென்று பாடம் முடிந்தது. ஓர்லா ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாள்.

வாரக் கடைசியில் சின்னதாக ஒரு டெஸ்ட் வைத்தாள். பாதிப் பேர் பெயரை மட்டும் எழுதி வெறும் தாளைக் கொடுத்திருந்தார்கள்.

சாயங்காலம், தமிழ் சொல்லித்தரும் கிருஷ்ணமணி டீச்சரிடம் தாள்களை நீட்டினாள். "பிரிஜா மட்டும் அல்ல. பல மாணவிகள் ஆங்கிலத்தில் பின்தங்கி இருக்கிறார்கள்" என்றாள், தனக்குத் தெரிந்த புத்தகத் தமிழில்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

"பிரிஜாவா? யாரு மக்கா சொன்னது? அவ பொறந்து வளந்ததெல்லாம் மஸ்கட்டுல. போன வருசம்தான் இங்க வந்து சேந்தா. அவளுக்குத் தமிழ்தான் தகராறு. இங்கிலீஷ்ல எனக்கு ஒரு சந்தேகம்னா நானே அவகிட்டதான் கேப்பேன்."

காதில் விழுந்தது சரிதானா என்று ஓர்லாவுக்குச் சந்தேகம். இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னாள். டீச்சர் சொன்னாள்.

அன்றைக்கு அதற்குமேல் தமிழ்ப் பாடம் நடக்கவில்லை.

மறுவாரம் பள்ளி திறந்ததும் பிரேயருக்கு முன்னாலேயே பிரிஜாவை வராந்தாவில் தேடிப் பிடித்தாள். முதலில் மன்னிப்புக் கேட்டாள். மற்ற பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்பதற்காகத்தானே ஒவ்வொரு தடவையும் எழுந்தாய், அதை என்னிடமே சொல்லியிருக்கலாமே என்றாள்.

பிரிஜா தடங்கலே இல்லாத ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல தமிழ் பேச வாயைத் திறந்தாலே எல்லாரும் சிரிப்பாங்க மிஸ். நீங்க பேசுறது யாருக்குமே புரியலைன்னு தெரிஞ்சா உங்களுக்கும் அப்படித்தானே வலிக்கும்? அதான், புரியாதவ நான் ஒருத்தியாவே இருந்துட்டுப் போறேன்னு நினைச்சேன்."