வாய்க்கால் முக்குச் சத்தம்

"வேண்டாம் பூபதி, இன்னொருக்கா யோசிச்சுக்கோ. கழட்டின பொறவு ஒறக்கம் வரலேன்னு எங்கிட்ட வந்து அழப்படாது," என்றான் ஜோபி, கையில் ஸ்பேனருடன்.

பூபதிராஜா, திறந்து கிடந்த கார் பானெட்டுக்குள் பளபளவென்று வளைந்திருந்த அலுமினியக் குழாயையும், அதன் முனையில் இருந்த சிவப்புக் கூம்பு ஏர் ஃபில்டரையும் தடவிக் கொடுத்தான். சொந்தக் கல்யாணத்தில்கூட அவன் இவ்வளவு உருகியதில்லை. மனைவி மௌனிகா பார்த்திருந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடைத்திருக்காது.

பத்து நாளைக்கு முன்னால்தான் அதைக் கோயமுத்தூரில் வாங்கி, பொள்ளாச்சி பஸ்ஸில் மாட்டுத்தீவன மூட்டைக்கு நடுவில் ஒளித்துக் கொண்டுவந்து, கொழிஞ்சாம்பாறையில் ஜோபியின் பட்டறையில் மாட்டியிருந்தான். கம்பெனிக்காரன் வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு இதைப் பொருத்தியதும், அந்தக் குட்டிக் கார் மூச்சை இழுத்த இழுப்பு இருக்கிறதே! ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தால் நாலு தோப்புக்குக் கேட்கிற மாதிரி உறுமியது. வேகம் கூடியதா என்று மட்டும் கேட்காதீர்கள். சத்தம் கூடியது, அவனுக்கு அது போதும்.

ஆனால் வீட்டில் ஆறுமுகசாமி இருந்தார். பூபதியின் அப்பா. தென்னந்தோப்பும் அவர் பேரில்தான், காரும் அவர் பேரில்தான். போன வருஷம் பையன் சைலன்சரை மாற்றியபோதே அவர் தீர்ப்பு எழுதிவிட்டார். "இன்னொருக்கா வண்டில கை வெச்சீன்னா, இத வித்துப்போட்டுத் தேங்கா ஏத்தறதுக்கு டெம்போ வாங்கிருவேன்." சொன்னால் செய்கிற ஆள்.

வண்டியை மாற்றினால் அபராதம் போடுகிற எம்.வி.டி. ஜீப்பை எதிரில் பார்த்தாலே சிரித்துக்கொண்டே போகிற பூபதிராஜாவுக்கு அப்பாவைப் பார்த்தால் மட்டும் சிரிப்பு வராது.

"கார் வாய்க்கால் முக்குல திரும்பறப்பவே மாமா காதத் தீட்டிக்கிட்டு நிக்கறாருங்க," என்று மௌனிகா வேறு இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் பார்த்தான். கார் வாசலில் வந்து நின்றால் ஒரு வார்த்தை கிடையாது. வாயை இறுக மூடிக்கொண்டு ஒரு முறை முறைத்துவிட்டு, விருட்டென்று உள்ளே போய்விடுகிறார். கத்தித் தீர்த்தால்கூடப் பரவாயில்லை, பேசாமல் போவதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"கழட்டிப்போடு ஜோபி," என்றான் கடைசியில். "அவருக்கு ஏற்கெனவே சுகரு எறங்க மாட்டீங்குது. ஆறு மாசமா நாங்க ரெண்டு பேரும் ஊட்டுல சீனியக் கண்ணுல காட்டறதில்ல, அப்பவும் முன்னூறுல நிக்குது. இதுல கோவமும் சேந்துச்சுன்னா என்னாகறது?"

ஜோபி பெருமூச்சு விட்டபடி கிளாம்புகளைத் தளர்த்தினான். குழாயும் ஃபில்டரும் தரைக்கு வந்தன. பழைய பெட்டியை எடுக்க அவன் திரும்பிய நேரம், வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. அப்பா மொபெட்டின் அந்த இருமலை எங்கே கேட்டாலும் பூபதிக்குத் தெரியும்.

அடுத்த நொடி அவன் காருக்கு அடியில் இருந்த சர்வீஸ் குழிக்குள் குதித்திருந்தான். மேலெல்லாம் கறுப்பு ஆயில். கண்ணுக்கு நேரே அப்பாவின் செருப்பு இரண்டும் வந்து நின்றன.

"ஏப்பா ஜோபி, இது என்ற பையன் காருதான?"

"ஆமாங்கய்யா. சர்வீசு."

"அவன எங்க காணம்?"

"டீ குடிக்கப் போயிருக்கானுங்க."

"பின்னெ இதுல அந்தச் சத்தம் போடறது எது?"

குழிக்குள் இருந்தவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கார் டெம்போவாகி, முதுகு நிறையத் தேங்காயுடன் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஜோபி தரையைக் காட்டினான். "அது... கழட்டியாச்சுங்கய்யா. இதா, கீழ கெடக்குது. இனிமே சத்தமே வராது, சத்தியமா."

"யாரக் கேட்டுக் கழட்டுனே?"

"ஐயா?"

"திருப்பி மாட்டு. அவன் டீ குடிச்சுட்டு வாரதுக்குள்ள மாட்டோணும். இதவிடப் பெருசா ஒண்ணு வருதுன்னாலும் சொல்லு, நானே வாங்கித் தர்றேன். அவன் வாய்க்கால் முக்குல வர்றப்பவே என்ற காதுல உளுகோணும்."

பூபதிராஜா கண்ணைத் திறந்தான். பெற்ற மனசு! பையன் நல்லபடியாக வந்து சேர்கிறானா என்று அந்த உறுமலுக்காகவே மனுஷன் தினமும் வாசலில் காத்து நின்றிருக்கிறார். இந்த மடையன் அதைக் கோபம் என்று நினைத்துவிட்டான். மேலே ஏறி, ஆயிலோடு ஆயிலாக அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. குழியின் விளிம்பில் கையை ஊன்றினான்.

"ஐயாவுக்கு அந்தச் சத்தம் அத்தன இஷ்டமா?" ஜோபிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

மேலே ஏதோ காகிதம் பிரியும் சத்தம் கேட்டது. பூபதி ஊன்றிய கைமேல் மஞ்சளாக ஒரு பூந்தி வந்து விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஆயில் நாற்றத்தை மீறிக்கொண்டு நெய் மணத்தது.

ஆறுமுகசாமி மென்றுகொண்டே சொன்னார்:

"சத்தமில்லாம வந்தான்னா லட்டும் கையுமா மாட்டிக்குவேனப்பா!"