செமோர் அழகி

அந்தப் பெண்ணைப் பார்த்த மாத்திரத்தில் சார்ஜன் பத்துமலையின் மீசை துடித்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. முப்பது வருஷம் போலீஸில் இருந்து எத்தனையோ ரவுடிகளை நடுங்க வைத்த மனிதர், ஒரு பழைய புகைப்படத்தின் முன்னால் கைக்குட்டையைத் தேடினார்.

பவித்ரன் தினேஸ்வரியைப் பெண் கேட்டு ஆறு மாசமாகிறது. "மொதல்ல அந்தப் பையன் என்ன வேல செய்றான்னு பாக்குறேன்" என்று சொல்லித்தான், அவளுடைய அப்பாவான இந்தச் சார்ஜன் இன்றைக்கு ஈப்போவில் அவன் நடத்தும் படக் கண்காட்சிக்கு வந்திருக்கிறார். இதுவரை அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் வெறும் 'தம்பி'தான். அது என்றைக்காவது 'மாப்ளே' ஆகுமா என்பதுதான் அவன் கவலை.

"அப்பா மொறைச்சா பயந்துறாத லா. சின்ன வயசுல தோட்டத்துத் திருவிழா நாடகத்துல வேஷம் கட்டுனவரு, பாதிக் கோபம் நடிப்புத்தான்" என்று தினேஸ்வரி தைரியம் சொல்லியிருந்தாள். ஆனால் இந்த வேர்வை நடிப்பு மாதிரி தெரியவில்லை.

கூடம் முழுக்கப் பேராக் ரப்பர்த் தோட்டத்துக் குடும்பங்களின் பழைய ஸ்டூடியோ படங்கள். ஸ்டூடியோக்காரரின் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒன்பது புது மாப்பிள்ளைகள் வரிசையாக விறைத்து நின்றார்கள். அவர்களை யார் பார்த்தார்கள்? ஊரே பார்க்க வருவது வாசலில் ஆறடி உயரத்துக்கு நிற்கும் இவளைத்தான்.

பதினெட்டு வயசு இருக்கும். பட்டுச்சேலை, முதுகுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி, அதில் இடுப்புக்குக் கீழே தொங்கும் பூச்சடை. படத்தின் பின்பக்கம் 'செமோர், 1976' என்ற ஊரையும் வருஷத்தையும் தவிர ஒன்றுமில்லை. வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்ததை அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்து கொடுத்தவள் சாட்சாத் தினேஸ்வரிதான்.

'யார் இந்தச் செமோர் அழகி?' என்று பவித்ரன் பேஸ்புக்கில் போட்டதும் ஆளாளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பேனரில் அவள், காப்பிக் கோப்பையில் அவள், டீசட்டையிலும் அவளே.

"தம்பி, இத கழட்டு."

"அங்கிள்?"

"கழட்டு லா! இப்பவே!"

"பத்து மணிக்குத் தொறப்பு விழா அங்கிள். இவங்களப் பாக்கத்தான் எல்லாரும் வாராங்க. சித்தியவான்ல ராமசாமின்னு ஒருத்தரு, 'இவ மட்டும் அப்பவே கண்ணுல பட்டிருந்தா, நான் இப்படி ஒண்டிக்கட்டையா நின்னுருக்க மாட்டேன்'னு எழுதியிருக்காரு. ரோசாப்பூவோட வாராராம்."

"எந்த ராமசாமி? போலீஸ்ல டிரைவரா இருந்தவனா?" சார்ஜன் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "என் கூட்டாளி லா அவன்! அவன் கண்ணுல மட்டும் இது படவே கூடாது!"

பவித்ரனுக்குப் பொறி தட்டியது. அடடா, முக்கோணக் காதல்! குரலை இறக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இவங்கள உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?"

"என்னைய விட வேற யாருக்குத் தெரியும்?"

"இப்ப எங்க இருக்காங்க?"

"இங்கதான். ஈப்போலதான்."

"கல்யாணம்...?"

"ஆச்சு. ஒரு பொண்ணு இருக்கு."

பாவம், மனுஷன் நெஞ்சுக்குள் இத்தனை வருஷமாகப் பூட்டி வைத்திருக்கிறார். பவித்ரன் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். "பூவெல்லாம் நீங்க வாங்குனதா?"

"எட்டு மொழம் மல்லி." சார்ஜன் பிடரியைத் தடவிக்கொண்டார். "அம்மாடி, என்னா கனம்!"

"ஆன்ட்டிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அப்புறம் நான் அந்த வீட்டுல தலகாட்ட முடியுமா?"

பவித்ரன் எழுந்தான். எங்கிருந்து அவ்வளவு வீரம் வந்ததோ, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படத்துக்கு முன்னால் போய் நின்றான்.

"மன்னிச்சுக்குங்க அங்கிள். கழட்ட மாட்டேன். நீங்க தினேஸ்வரிய எனக்குக் குடுக்கலன்னாலும் சரி. இவ்ளோ அழகான ஒரு பொண்ண மனசுல வச்சுக்கிட்டு, ஊருக்குப் பயந்து மறைக்கலாமா? காதல்னா தலநிமிர்ந்து சொல்லணும்!"

சார்ஜன் நாற்காலியை விட்டு எழுந்தார். அதற்குள் மாடிப்படியில் பேச்சுச் சத்தம்.

"வாங்க ராமசாமி அங்கிள், பாத்து ஏறுங்க" என்று தினேஸ்வரியின் குரல். முதலில் ஒரு கொத்து ரோசாப்பூ தெரிந்தது, அப்புறம் வாயெல்லாம் பல்லாக ஒரு வழுக்கைத் தலை. பின்னாலேயே தினேஸ்வரி, நெஞ்சு நிறையச் செமோர் அழகி சிரிக்கும் டீசட்டையில்.

"ஏய் பத்துமலை! நீயும் அவளப் பாக்கத்தான் வந்தியா?" என்று படியிலிருந்தே கத்தினார் ராமசாமி.

சார்ஜன் ஒரே பாய்ச்சலில் வந்து, ஆறடிப் படத்தைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு, பவித்ரனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். அவருடைய மீசை அவன் காதில் குத்தியது.

"அந்தச் சடைக்காரி நான்தான் லா, மாப்ளே!"